லோகோவைக் காட்டி என்ன கேட்க வேண்டும்?

ஒரு சங்கமோ கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் மன்றமோ தன் பழைய லோகோவை மாற்ற முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரைந்தவர் அனுப்பிய படம் ஒரு நாள் காலையில் புலனக் குழுவில் வந்து விழுகிறது. கூடவே ஒரே ஒரு கேள்வி: "எப்படி இருக்கிறது?" கட்டைவிரல்கள் வரிசையாக உயர்கின்றன. சிலர் கைகூப்புகிறார்கள். யாரோ ஒருவர் மட்டும் "பழையதே நன்றாக இருந்தது" என்று எழுதுகிறார். அவருக்குப் பதில் வருவதில்லை. அடுத்த வாரம் பதாகை அச்சாகிவிடுகிறது. உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டோம், அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறுகிறது. மலேசியாவின் பாலோ போன்ற சிறு பட்டணத்தில் இருபது பேர் கொண்ட மன்றம் ஆனாலும், ஒரு நாட்டின் அமைச்சு ஆனாலும், லோகோ விஷயத்தில் கருத்துக் கேட்பது என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. முடிவை எடுத்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்ப்பது. இதனால் எவ்வளவு பணமும் காலமும் வீணாகின்றன என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஒரு லோகோவைப் பார்த்து மக்கள் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையான ஒன்றைத் தொட்டுக்கொண்டுதான் வரும். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் பரிகாரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. தையல்கடைக்குப் போகிறவருக்குச் சட்டை அக்குளில் பிடிக்கிறது என்று தெரியும். எந்தத் தையலைப் பிரித்து எங்கே துணி விட வேண்டும் என்று தெரியாது. அது தையற்காரரின் வேலை. நல்ல தையற்காரர் "சட்டை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டு நிறுத்தமாட்டார். கையைத் தூக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், எங்கே இழுக்கிறது என்று கேட்பார். லோகோவைக் காட்டும்போது நாம் இதைச் செய்வதில்லை. பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். பிடிக்கவில்லை என்று பதில் வந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறோம், அல்லது பயந்துபோய் அவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து வரைந்துவிடுகிறோம். இரண்டுமே தவறு.

நம் நாட்டுச் சாட்சி என்று சொன்னேன். 2018 ஜனவரி இறுதியில் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த ஆசியான் சுற்றுலா மாநாட்டில், மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2020 என்ற பிரச்சாரத்தின் லோகோ வெளியிடப்பட்டது. ஒராங் ஊத்தான், நீள்மூக்குக் குரங்கு, கடலாமை ஆகியவை கேலிச்சித்திர பாணியில் சேர்ந்து நின்றன. குளிர்கண்ணாடியும் இருந்தது, இரட்டைக் கோபுரமும் இருந்தது, அவற்றோடு எழுத்துகள், முழக்கம் என்று மேலும் பல. படம் வெளியான சில மணி நேரத்திலேயே நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. மாற்றச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டை நடந்தது. வடிவமைப்புத் துறையில் இருந்த இளைஞர்கள் தாங்களாகவே மாற்று லோகோக்கள் வரைந்து வெளியிட்டார்கள். அப்போதைய சுற்றுலா அமைச்சர் நஸ்ரி அசிஸ் லோகோவை மாற்றப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு மே மாதத்தில் ஆட்சியே மாறியது. புதிய அரசு லோகோவைக் கைவிட்டு, பொதுமக்களுக்குப் போட்டி அறிவித்தது. போட்டியில் வென்ற லோகோவை 2019 ஜூலை 22-ஆம் தேதி பிரதமர் துன் மகாதீர் வெளியிட்டார். இருவாச்சிப் பறவை, செம்பருத்தி, காட்டுப் பெரணி ஆகிய மூன்றையும் தேசியக் கொடியின் நிறங்களையும் வைத்து வரைந்தது அது.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் லோகோ வந்ததிலிருந்து இரண்டாவது வருவதற்குள் ஏறத்தாழ 18 மாதங்கள் போய்விட்டன. 3 கோடி சுற்றுப்பயணிகள், 10,000 கோடி ரிங்கிட் வருமானம் என்று இலக்கு வைத்த பிரச்சாரம் அது. அதற்குரிய அடையாளம் உறுதியாகி ஆண்டு பிறப்பதற்கு ஐந்து மாதங்கள்தான் மிச்சம் இருந்தன. பிறகு கோவிட் வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானது, பிரச்சாரமும் நின்றது. 2019-இல் 2 கோடியே 61 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2020-இல் சுமார் 43 லட்சமாகச் சரிந்தது. தொற்றுநோய்க்கு லோகோ பொறுப்பல்ல, அதை நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 18 மாதங்கள் தொற்றுநோய்க்கு முன்பே போனவை. முதல் படத்தை வெளியிடுவதற்கு முன்னால் நூறு பேரிடம் சரியான கேள்வியோடு காட்டியிருந்தால் அவை போயிருக்கத் தேவையில்லை.

அன்று வந்த கண்டனங்களைக் குவித்து வைத்துப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். "அசிங்கம்", "வெட்கக்கேடு", "சிறுபிள்ளை வேலை" என்பவை ஒரு வகை. இவை ரசனை சார்ந்தவை. நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றின் அடியில் இன்னொரு வகைக் குறை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிறு படத்துக்குள் இத்தனை பொருள்களா? முதலில் எதைப் பார்ப்பது? எழுத்துகள் ஒன்றோடொன்று ஏன் ஒட்டவில்லை? விமானத்தின் வாலில் இதை எப்படி வரைவது, ரப்பர் முத்திரையில் எப்படி வெட்டுவது? இவற்றுக்கும் ரசனைக்கும் சம்பந்தம் இல்லை. அளந்து பார்த்துச் சொல்லக்கூடிய விஷயங்கள் இவை. ஒரு லோகோ கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும், கறுப்பு மையில் மட்டும் அச்சடித்தாலும் தெரிய வேண்டும், ஓடும் பேருந்தின் பக்கவாட்டில் பார்த்தாலும் தெரிய வேண்டும். கோபமாகப் பேசியவர்களில் பலருக்கு இதை இப்படிப் பிரித்துச் சொல்லும் மொழி இல்லாமல் இருக்கலாம். ஆகவே "அசிங்கம்" என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குள் இருந்த உண்மையைப் பிரித்தெடுப்பது கேட்கும் தரப்பின் கடமை. மாற்ற மாட்டோம் என்ற பதில் அந்தக் கடமையைத் தட்டிக்கழித்துவிட்டது.

"புதிதாக எது வந்தாலும் மக்கள் முதலில் திட்டத்தான் செய்வார்கள், ஆறு மாதத்தில் பழகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. லோகோ மாற்றும் எல்லாக் குழுக்களிலும் இந்த வாதம் ஒலிக்கும். இதற்கு வலுவான உதாரணமும் இருக்கிறது. 2007-இல் லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோ வெளியானபோது பிரிட்டனே கொதித்தது. வுல்ஃப் ஓலின்ஸ் நிறுவனம் வரைந்தது, செலவு 4 லட்சம் பவுண்டு. உடைந்த கண்ணாடித் துண்டுகள் போன்ற எண்கள், கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. எதிர்ப்பு மனுவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அமைப்பாளர்கள் அசையவில்லை, ஐந்து ஆண்டுகள் கழித்துப் போட்டிகள் அதே லோகோவோடு நடந்தன. பார்த்தீர்களா, உறுதியாக நின்றால் போதும் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். லோகோவோடு வெளியான அசையும் விளம்பரப் படத்தின் ஒரு காட்சி, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டியதாகப் புகார் வந்தது. அந்தக் காட்சியை அமைப்பாளர்கள் உடனே நீக்கினார்கள். பிடிக்கவில்லை என்ற குரலுக்கு முன்னால் உறுதியாக நின்றவர்களே, உடலைப் பாதிக்கிறது என்ற குரலுக்கு முன்னால் இறங்கி வந்தார்கள். எதைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்கிக்கொள்ளக் கூடாது என்று பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்திருக்கிறது. லண்டன் கதையில் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

பழகிவிடும் என்ற வாதம் முழுதாகத் தோற்ற இடமும் உண்டு. 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராப்பிக்கானா ஆரஞ்சுப் பழச்சாற்றின் அட்டைப்பெட்டியை மாற்றினார்கள். பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், கண்ணாடிக் குவளையில் சாறு இருக்கும் படம் வந்தது, எழுத்தும் மாறியது. இரண்டே மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு விழுந்தது. பிப்ரவரி இறுதியில் பழைய பெட்டிக்கே திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் சொன்ன குறைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, கடை அலமாரியில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மலிவான கடைச் சரக்கு போலத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னதுதான். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடைக்குப் போய் மாவுப் பொட்டலமோ மசாலைத் தூளோ எடுப்பவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. நிறத்தையும் உருவத்தையும் பார்த்துக் கையை நீட்டுகிறார். அந்தக் கை தடுமாறினால் அதை ரசனைக் குறைவு என்று ஒதுக்க முடியாது. பழக எல்லாருக்கும் ஆறு மாதம் இருக்கலாம், கடைக்காரருக்கு இருக்காது.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். "மக்களைக் கேட்க ஆரம்பித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் வேல் வேண்டும் என்பார், ஒருவர் புத்தகம் வேண்டும் என்பார், ஒருவர் உலக உருண்டை வேண்டும் என்பார். எல்லாவற்றையும் போட்டால் லோகோ இருக்காது, கண்காட்சிதான் இருக்கும்." இந்த அச்சம் நியாயமானது. நம் பள்ளிகள், மன்றங்களின் சின்னங்களில் விளக்கு, புத்தகம், பேனா, சூரியன், தாமரை, கைகுலுக்கல் எல்லாம் ஒன்றாக நெரிவதற்குக் காரணமே ஒவ்வொரு செயலவை உறுப்பினரையும் திருப்திப்படுத்த நினைத்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இது கருத்துக் கேட்டதால் வந்த கோளாறு இல்லை. கேட்டதை வாக்காக எண்ணியதால் வந்தது. கேட்பது வேறு, வாக்கெடுப்பு வேறு. இந்த வேறுபாட்டைச் செய்து காட்டியவர்கள் தோக்கியோக்காரர்கள்.

2015 ஜூலையில் வெளியான தோக்கியோ 2020 ஒலிம்பிக் லோகோ, பெல்ஜியத்தில் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோவைப் போல இருக்கிறது என்று அந்த அரங்க லோகோவை வரைந்த ஒலிவியே டெபி புகார் செய்தார். வடிவமைப்பாளர் கெஞ்சிரோ சானோ மறுத்தார். ஆனாலும் சர்ச்சை அடங்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி லோகோ திரும்பப் பெறப்பட்டது. மூடிய அறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்ற மனக்குறையும் மக்களிடம் இருந்தது. அடுத்த முறை கதவை அகலத் திறந்தார்கள். 14,599 வடிவங்கள் வந்தன. அவற்றைச் சலித்து நான்காக்கி, அந்த நான்கையும் 2016 ஏப்ரலில் பொதுமக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். முடிவை மட்டும் மக்களின் எண்ணிக்கைக்கு விடவில்லை. 21 பேர் கொண்ட குழு வாக்களித்தது. 13 வாக்குகள் பெற்று அசாவோ தொகோலோவின் வடிவம் வென்றது. ஜப்பானின் 'எடோ' காலத்துக் கட்டம்போட்ட துணிக்கோலத்தை வைத்து, மூன்று வகையான 45 செவ்வகங்களை வளையமாக அடுக்கிய கருநீல உருவம். யார் கேட்கப்பட்டார்கள், எப்போது கேட்கப்பட்டார்கள், கடைசியில் யார் முடிவெடுத்தார்கள் என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. தன் விருப்பம் தோற்றவருக்கும்கூட ஏமாற்றப்பட்ட உணர்வு வர இடம் குறைவு. தோக்கியோ இந்த ஒழுங்குக்கு ஒரு பெரிய அவமானத்துக்குப் பிறகே வந்து சேர்ந்தது. நாம் அவமானம் இல்லாமலே வந்து சேரலாம்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருத்துக் கேட்பது என்ற பெயரில் இலவச வேலை வாங்குவது இப்போது பரவியிருக்கிறது. 2010 அக்டோபரில் கேப் என்ற அமெரிக்க உடை நிறுவனம் புதிய லோகோ வெளியிட்டுக் கண்டனத்துக்கு ஆளானது. உடனே, உங்கள் வடிவங்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்று முகநூலில் மக்களை அழைத்தது. கொதித்தது வடிவமைப்பாளர்கள்தான், ஊதியமில்லாமல் எங்கள் உழைப்பைக் கேட்கிறீர்களா என்றார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பழைய லோகோவுக்கே திரும்பியது. சட்டை அக்குளில் பிடிக்கிறது என்று சொன்னவரிடமே ஊசியையும் நூலையும் நீட்டும் வேலை இது. நம் சங்கங்களிலும் "தெரிந்த பையன் ஒருவன் கணினியில் போட்டுத் தருவான்" என்று ஆரம்பித்து, பத்துப் பேர் பத்துத் திருத்தம் சொல்லி, அந்தப் பையனின் பல இரவுகளை எடுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். திருத்தம் கேட்கும் உரிமை, உழைப்புக்குக் கூலி கொடுத்தவருக்கே முழுமையாக உண்டு. போட்டி வைப்பதானால் பரிசையும் விதிகளையும் நடுவர்களையும் முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும்.

போட்டி என்றதும் இந்திய ரூபாய்ச் சின்னத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் வாதத்துக்கு எதிரான சாட்சியாக அதைத்தான் பலர் காட்டுவார்கள். 2009 மார்ச்சில் இந்திய அரசு போட்டியை அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன, ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15-இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது தமிழரான உதயகுமாரின் வடிவத்தை. மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர் அவர். பொதுமக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் சின்னம் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே யூனிகோடில் இடம்பிடித்தது. இன்று விலைப்பட்டியல், கைப்பேசி விசைப்பலகை என எங்கும் இருக்கிறது. அப்படியானால் கேட்காமலே நல்ல சின்னம் கிடைக்கும்தானே என்று கேட்கலாம். கிடைக்கும், கேட்க வேண்டியதை வேறு வழியில் கேட்டிருந்தால். என்ன வேண்டும் என்பது போட்டியின் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. நடுவர் குழு இருந்தது. அதைவிட முக்கியம், அந்த வடிவத்தை எளிய சோதனைக்கு உட்படுத்தலாம்: காய்கறிக் கடைக்காரர் கைப்பேனாவால் இரண்டு மூன்று இழுப்பில் எழுத முடியுமா? முடியும். தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்'-உம் சேர்ந்த அந்த உருவம் கையெழுத்திலேயே பிறந்த உருவம். பயன்படுத்துகிறவரின் கை வடிவத்துக்குள்ளேயே இருந்ததால் தனியாகக் கருத்துக் கேட்காத குறை அங்கே பெரிதாகத் தெரியவில்லை. எல்லா லோகோவுக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

நம்மைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மலேசியாவில் ஒரு தமிழ் அமைப்பின் லோகோவையோ பெயர்ப்பலகையையோ அச்சுக்குக் கொண்டுபோகும் கைகள் எல்லாம் தமிழ் படிக்கத் தெரிந்த கைகள் அல்ல. வரைபவர் தமிழராக இருக்கலாம், பள்ளியில் தமிழ் படிக்காதவராக இருக்கலாம். பலகைக் கடைக்காரர் சீனராக இருக்கலாம். பலகைகளில் மலாய்மொழிதான் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஊராட்சி மன்ற விதி இருக்கிறது. ஆகவே தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறிய இடம். அந்தச் சிறிய இடத்தில் என்ன ஆகிறது என்பதற்குப் 'பாலோ' என்ற நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'லோ'வில் வரும் இரட்டைக் கொம்பின் மேற்சுழி, எழுத்து சிறிதானாலும் தையல் நூலில் பின்னினாலும் அடைத்துப் போகும். சுழி போனால் 'லோ' 'லொ' ஆகிவிடும், ஊர் 'பாலொ' ஆகிவிடும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் காட்ட வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுழி, பள்ளிச் சட்டைப் பையின் சின்னத்தில் காணாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான். தமிழ் படிக்காத வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அந்தச் சுழி ஒரு சிறு வளைவு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று. தமிழ் படித்த ஒரு பாட்டிக்கு அது இல்லாதது பிழை. இந்த இடத்தில் பாட்டியின் கருத்து ரசனைக் கருத்து ஆகாது, அது நிபுணரின் கருத்து.

இது கற்பனை அச்சம் இல்லை. 2017-இல் சிங்கப்பூர் தேசிய நாள் அணிவகுப்புக்காக அச்சடித்த துண்டறிக்கையில் தமிழ் முழக்கத்தின் எழுத்துகள் சிதைந்து, பொருளற்ற குவியலாக வெளிவந்தன. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில், அரசு விழாவில் இது நடந்தது. தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறும். அச்சுக்கு அனுப்புபவருக்கு அது தெரியாது. முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். அவர் வடித்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளிலேயே இருக்கின்றன. அவ்வளவு தேர்ந்த எழுத்துகள் நம் கையில் இருந்தும் இந்தப் பிழைகள் நேர்வதற்குக் காரணம் ஒன்றுதான். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கும் ஒருவரிடம் "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாய்விட்டுப் படியுங்கள்" என்று யாரும் கேட்கவில்லை.

சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா, பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துச் செய்யும் ஆய்வு ஆயிற்றே என்று சிலர் கேட்பார்கள். உண்மையில் சிறு ஊரில்தான் இது எளிது. லாபிஸுக்கும் குளுவாங்குக்கும் நடுவே ரயில் பாதையோரம் இருக்கும் பாலோவில் ஒரு மன்றத்தின் லோகோவைப் பார்க்கப்போகிறவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிக்கூட எண்ணிவிடலாம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டத்துக் குடும்பங்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், கடிதம் வாங்கும் மாவட்ட அலுவலகத்துக்காரர்கள், ஊரில் கடை வைத்திருக்கும் சீனர்கள், மலாய்க்காரர்கள். இவர்களில் எட்டு, பத்துப் பேரைப் பார்த்துப் பேச ஒரு மாலை போதும். ஒரு தாளில் லோகோவை அஞ்சல்தலை அளவுக்கு அச்சடித்து, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, அமைப்பின் பெயரைச் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். என்ன தெரிகிறது, முதலில் கண் எங்கே போனது, இது எந்த மாதிரி அமைப்பு என்று தோன்றுகிறது என்று கேட்கலாம். தாளைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, பார்த்ததை வரைந்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. யாருடைய நினைவில் எது நின்றது என்று கோடுகள் சொல்லிவிடும். இதற்குச் செலவு சில காசுகள். தவறான லோகோவோடு பதாகை, சட்டை, பலகை, கடிதத்தாள் எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டு மாற்றுவதற்கோ ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அது மரியாதை. நம் அமைப்புகளில் லோகோவைக் கொண்டுவந்து வைப்பவர் பெரும்பாலும் தலைவர், அல்லது தலைவருக்கு வேண்டியவர். பத்துப் பேர் முன்னால் ஐயா காட்டிய படத்தைப் பற்றி "எழுத்தே தெரியவில்லை" என்று ஓர் இளைஞன் சொல்ல மாட்டான். சொன்னால் எதிர்ப்பேச்சு ஆகிவிடும். புலனக் குழுவில் கட்டைவிரல் உயர்வதற்கும் இதுவே காரணம். அது அந்த மனிதருக்குச் செலுத்தும் மரியாதை, அதை லோகோவுக்குக் கிடைத்த ஒப்புதல் என்று படிப்பது நம் தவறு. பெரியவர்களை மதிக்கும் வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வழக்கம்தான் இந்தச் சங்கங்களை இத்தனை காலம் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த வழக்கம் தெரிந்தவர்கள்தான் கேட்கும் முறையை அதற்கேற்ப அமைக்க வேண்டும். படத்தைக் கொண்டுவந்தவர் கேட்கக் கூடாது, வேறொருவர் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்காமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே படத்தைக் காட்டினால் ஆம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லை; இரண்டு மூன்று வடிவங்களைப் பக்கத்தில் வைத்தால் யாரையும் புண்படுத்தாமல் ஒப்பிட்டுப் பேச முடியும். பெயர் எழுதாத துண்டுத்தாளும் உதவும்.

வடிவமைப்பாளர்கள் தரப்பில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் மதிக்கிறேன். பல ஆண்டு படித்துப் பழகிய தொழிலைப் பற்றி, வண்ணச் சக்கரம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் தீர்ப்புச் சொல்வதா? தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. சாட்சி சொன்னால் போதும். "இந்த நீலத்தைப் பச்சையாக்குங்கள்" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்பது வடிவமைப்பாளரின் வேலை. நீலத்தில் எழுத்து மங்குகிறது என்று பதில் வரலாம். அப்போது பச்சை தேவைப்படாது, நீலத்தின் அடர்த்தியைக் கூட்டினால் போதும். அந்த நிறம் ஒரு கட்சியை நினைவூட்டுகிறது என்றும் பதில் வரலாம். மலேசியாவில் இது சிறிய விஷயம் இல்லை. வடிவமைப்புப் புத்தகம் எதுவும் இதைச் சொல்லித் தராது, ஊர்க்காரர்தான் சொல்வார். கேட்டு முடித்தபின் முடிவெடுக்கும் உரிமை சிலரிடமே இருக்கட்டும், வடிவமைப்பாளருக்கும் அதில் இடம் இருக்கட்டும். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அரைப்பக்கத்தில் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். 2018-இல் அந்த அரைப்பக்கம்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒரு பள்ளிக்கோ கோயிலுக்கோ மன்றத்துக்கோ புதுச் சின்னம் வரையும் குழுவில் இருந்தால் ஒரு வேண்டுகோள். படத்தை இன்று இரவு புலனத்தில் போடாதீர்கள். அதை அஞ்சல்தலை அளவில் அச்சடித்து, தமிழ் படிக்கும் ஒரு பெரியவரிடமும், தமிழ் படிக்காத ஒரு கடைக்காரரிடமும், பள்ளிச் சீருடையில் இருக்கும் ஒரு பிள்ளையிடமும் கொடுங்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் விளக்காதீர்கள்.